மருந்து பட்ட புற்றுநோய் செல்லின் விறைப்பை எந்த முறையில் அளப்பது?

புற்றுநோய் செல்லுக்கு ஒரு மருந்தைக் கொடுத்த பிறகு அது பிழைத்ததா, செத்ததா என்று பார்க்க நிறைய வழிகள் உண்டு. அது மென்மையானதா, விறைத்ததா என்று பார்க்கப் போகும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. நுண்முனையால் அழுத்திப் பார்க்கலாம், கண்ணாடிக் குழாயால் உறிஞ்சலாம், லேசரால் இழுக்கலாம், குறுகிய கால்வாயில் ஓடவிட்டுப் படம் பிடிக்கலாம், காந்த மணியை ஒட்டி முறுக்கலாம், தொடாமலே ஒளியை மட்டும் அனுப்பியும் பார்க்கலாம். எல்லா முறைகளும் கடைசியில் "விறைப்பு" என்ற பெயரில்தான் ஒரு விடையைத் தருகின்றன. ஆனால் 2018ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து எம்.சி.எஃப்-7 என்ற ஒரே மார்பகப் புற்றுநோய் செல் வகையைப் பல முறைகளில் அளந்து பார்த்தபோது, மீட்சிக் குணகம் (உருமாறித் திரும்பும் விறைப்பு) 1,000 மடங்கு வரையும் பாகுக் குணகம் (தேன்போல் இழுத்து ஒழுகும் தன்மை) 100 மடங்கு வரையும் வேறுபட்டன. இத்தனைக்கும் அந்தச் செல்களுக்கு மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை.

ஒரு மருந்து விறைப்பை 30 சதவீதம் மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். முறைக்கு முறை உள்ள வித்தியாசத்தின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. அதனால் ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையில் வந்த எண்ணோடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. மருந்து பட்ட செல், படாத செல் இரண்டையும் ஒரே கருவியில், ஒரே நாளில், ஒரே வேகத்தில் அளந்து விகிதத்தைப் பார்ப்பதே நம்பத்தக்கது. அப்படியானால் எந்த முறையை எடுத்தாலும் ஒன்றுதானா? இல்லை. சில மருந்துகளின் விளைவு சில முறைகளின் கண்ணில் படவே படாது. கருவியின் வேகம், விலை இவற்றுக்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன என்பது என் வாதம். மருந்து செல்லின் எந்தப் பாகத்தைத் தொடுகிறது? அளக்கும் முறை எந்தப் பாகத்தை உணர்கிறது? அளக்கிற நேரத்தில் எந்தச் செல்கள் மிஞ்சியிருக்கின்றன?

மருந்தின் பக்கத்திலிருந்து

செல்லின் விறைப்பில் பெரும்பங்கு அதன் சவ்வுக்கு அடியில் விரிந்திருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையிலிருந்தும், அந்த வலையை இழுத்துப் பிடிக்கும் மயோசின் என்ற புரதத்திலிருந்தும் வருகிறது. இன்னும் உள்ளே போனால் மைக்ரோடியூபுல்கள் என்ற நுண்குழல்கள், இடைநிலை இழைகள், பெரிதாக உட்கரு. உட்கருவைத் தவிர்த்து இந்த இழைகளெல்லாம் சேர்ந்ததுதான் செல்லின் சட்டகம். லாட்ரன்குலின், சைட்டோகலாசின் டி போன்றவை ஆக்டினை நேரடியாகக் குலைப்பவை. அரை மணி நேரத்துக்குள் செல் மென்மையாகிவிடும். பிளெபிஸ்டாட்டின் மயோசினை நிறுத்தும். ஒய்-27632 அதற்கு ஒரு படி மேலே இருக்கும் ராக் நொதியைத் தடுக்கும். இவை நோயாளிக்குத் தரும் புற்றுநோய் மருந்துகள் இல்லை, ஆய்வகத்துக்கானவை. ஆனாலும் எந்தக் கருவியையும் சோதித்துப் பார்க்க இவைதான் உரைகல்.

உண்மையான சிகிச்சை மருந்துகளுக்கு வந்தால் விஷயம் சிக்கலாகிறது. பேக்லிடாக்ஸல் மைக்ரோடியூபுல்களைக் கலையவிடாமல் உறைய வைக்கிறது. அப்படியானால் செல் விறைக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2000ல் ராட்ஷும் ராட்மாகரும் நார்முன்செல்களை (இணைப்புத் திசுவின் செல்களை) அணுவிசை நுண்ணோக்கியில் அழுத்திப் பார்த்தபோது, ஆக்டினைக் குலைத்த மருந்துகள் செல்லைத் தெளிவாக மென்மையாக்கின. மைக்ரோடியூபுலைத் தொட்ட மருந்துகள், பேக்லிடாக்ஸல் உட்பட, குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. ஆனால் அதே மருந்தில் செல்லை ஒரு நாள் முழுக்க ஊற வைத்தால் கதை வேறு. செல் பிரிதலின் நடுவில் மாட்டிக்கொண்டு உருண்டையாகிவிடும். பிரிதலுக்காக உருளும் செல்லில் ஆக்டின் உறை இறுகியிருக்கும், உள்ளழுத்தமும் கூடியிருக்கும். இந்த நிலையில் விறைப்பு கூடியிருந்தால் அது மருந்து சட்டகத்தை மாற்றியதன் விளைவா, பிரிதல் நிலையில் இருக்கும் எந்தச் செல்லும் காட்டக்கூடியதா? இரண்டையும் பிரித்துச் சொல்லாத முடிவை நான் ஏற்கத் தயங்குவேன்.

நோகோடசோல் என்ற ஆய்வக மருந்தில் இன்னொரு திருப்பம். அது மைக்ரோடியூபுல்களைக் கலைக்கிறது. அவற்றோடு ஒட்டிக்கிடந்த ஜெஃப்-எச்1 என்ற புரதம் அப்போது விடுபட்டு, மயோசினை முடுக்கும் ரோ பாதையைத் தட்டியெழுப்புகிறது. மயோசின் இன்னும் பலமாக இழுக்கிறது. சட்டகத்தின் ஒரு பகுதி உடைந்தும் செல் மொத்தத்தில் விறைத்துப்போக இதனால் வாய்ப்பு உண்டு. மருந்தின் இலக்கைப் பார்த்து விறைப்பு எந்தத் திசையில் மாறும் என்று முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது வகை, செல்லைக் கொல்லும் மருந்துகள். 2007ல் லாம், ரோசன்ப்ளூத், ஃப்ளெட்சர் மூவரும் லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) செல்களுக்கு டெக்சாமெத்தசோன், டானோரூபிசின் கொடுத்து அளந்தார்கள். சாகும் செல்களின் விறைப்பு கிட்டத்தட்ட 100 மடங்கு வரை ஏறியது. விறைத்த செல்கள் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளலாம் என்பதால் இது ஆய்வகத்துக்குள் முடிந்துவிடும் விஷயமும் இல்லை.

அளவீட்டுக்கு இது கொடுக்கும் எச்சரிக்கை பெரியது. ஒரு கணக்குக்கு, பத்தில் ஒரு செல் மட்டும் 50 மடங்கு விறைத்து, மற்ற ஒன்பதும் அப்படியே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஏறக்குறைய 6 மடங்காகிவிடும். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை மதிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். சராசரியை மட்டும் போட்டால் "மருந்து செல்களை ஆறு மடங்கு விறைக்க வைத்தது" என்று தலைப்பு வந்துவிடும்; உண்மையில் உயிரோடு இருக்கும் எந்தச் செல்லும் மாறவே இல்லை. இதனால்தான் எந்த முறையை எடுத்தாலும், அனெக்சின்-வி, புரோபிடியம் அயோடைடு போன்ற சாயங்களால் செல் உயிரோடு இருக்கிறதா, சாகத் தொடங்கிவிட்டதா என்று அதே செல்லில் பார்க்க முடிகிறதா என்பதை முதலில் கேட்கிறேன். முடியாது என்றால் அந்த முறை பாதி குருடு.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. தட்டில் ஒட்டி வளரும் செல்களுக்கு 48 மணி நேரம் மருந்து கொடுத்தால், செத்தவை கழன்று மிதக்கும். வளர்ப்புத் திரவத்தை மாற்றும்போது அவை போய்விடும். மிஞ்சியவற்றை அளப்பவர் மருந்தின் விளைவை அளப்பதாக நினைத்துக்கொண்டு, மருந்தைத் தாங்கியவற்றை மட்டும் அளக்கிறார். ஆரம்பத்திலிருந்தே விறைப்பாக இருந்த செல்கள்தான் தப்பித்தன என்றால், எந்தச் செல்லும் மாறாமலேயே சராசரி ஏறிவிடும். இதைப் பிடிக்க ஒரே செல்லை மருந்துக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து பார்க்க வேண்டும். அது எந்த முறையில் முடியும் என்ற கேள்வி நம்மை நேராகக் கருவிகளுக்குக் கொண்டுபோகிறது.

அணுவிசை நுண்ணோக்கி

1986ல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் உருவாக்கிய இந்தக் கருவி மேற்பரப்புகளை அணு அளவில் தடவிப் பார்க்கப் பிறந்தது. செல்லுக்கு வரும்போது வேலை இன்னும் எளிமையானது. மெல்லிய கான்டிலீவர் (ஒரு முனையில் மட்டும் பிடித்த நுண்தகடு) ஒன்று செல்லின் மேல் இறங்கி, அழுத்தி, திரும்பி வரும். அது எவ்வளவு வளைந்தது என்பதை அதன் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர் காட்டும். விசைக்கும் ஆழத்துக்கும் இடையே வரும் வளைகோட்டில் ஹெர்ட்ஸ் சமன்பாட்டைப் பொருத்தினால் யங் குணகம், அதாவது விறைப்பைச் சொல்லும் எண், கிடைக்கும். அந்தச் சமன்பாடு, அழுத்தப்படும் பொருள் ஒரே சீரானது, ஆழம் முடிவில்லாதது, முழுக்க மீள்தன்மை உடையது என்று எடுத்துக்கொள்கிறது. செல்லுக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. ஆகவே கிடைப்பதைத் தோற்ற விறைப்பு என்று சொல்வதே நேர்மை. ஒப்பிடுவதற்கு அது போதும்.

இதன் பெரிய பலம், ஒட்டி வளரும் செல்லை அது பரவி நிற்கும் வடிவிலேயே, வளர்ப்பூடகத்திலேயே, 37 டிகிரியிலேயே அளக்க முடிவது. மருந்தை ஊற்றும் முன் ஒரு முறை, ஊற்றிய பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று அதே செல்லைத் தொடரலாம். கீழே ஒளிர்வு நுண்ணோக்கி இருந்தால் சாயத்தையும் பார்க்கலாம். (பிளெபிஸ்டாட்டின் பயன்படுத்துபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். நீல ஒளி பட்டால் அது செயலிழப்பதோடு செல்லுக்கு நஞ்சாகவும் மாறும்.) நோயாளிகளின் நுரையீரல் உறைத் திரவத்திலிருந்து எடுத்த செல்களை 2007ல் கிராஸும் கூட்டாளிகளும் அளந்தது இந்தக் கருவியில்தான். பரவும் புற்றுநோய் செல்கள் சுமார் 0.53 கிலோபாஸ்கல், தீங்கற்ற செல்கள் சுமார் 1.97 கிலோபாஸ்கல். 70 சதவீதத்துக்கும் மேலான வித்தியாசம் அது.

கூர்முனையா, உருண்டை மணியா என்பதும் ஒரு தேர்வு. கூர்முனை தனித்தனி ஆக்டின் கட்டுகளைக் கூட உணரும், வரைபடம் எடுக்க உதவும். ஆனால் இடத்துக்கு இடம் எண் தாவும், பொதுவாகக் கூடுதலாகவும் காட்டும். 5 மைக்ரோமீட்டர் மணி ஒட்டிய கான்டிலீவர் ஒரு பரப்பையே சராசரி எடுக்கும். மருந்து மாற்றியதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால் நான் மணியைத்தான் எடுப்பேன்.

இந்த முறையில் என்னை மிகவும் உறுத்தும் பிழை, செல்லின் தடிமன். மெல்லிய மெத்தையை அழுத்தினால் கை உணர்வது தரையைத்தான். செல்லின் ஓரத்தில் அழுத்தினாலும் அப்படித்தான், கீழே இருக்கும் தட்டின் விறைப்பு உள்ளே கலந்துவிடும். அழுத்தும் ஆழம் செல்லின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். மருந்து ஆய்வில் இது இரட்டிப்பு ஆபத்து. செல்லைத் தட்டையாக்கும் ஒரு மருந்து, விறைப்பைத் துளியும் மாற்றாமலேயே, தட்டை மேலே கொண்டுவந்து "விறைத்துவிட்டது" என்று காட்டிவிடும். ஒவ்வொரு செல்லின் உயரத்தையும் அளந்து எழுதிவைப்பது கூடுதல் வேலைதான், தவிர்க்க முடியாத வேலை.

கான்டிலீவரின் சுருள் மாறிலியை (எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளையும் என்ற எண்ணை)ப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி எடுத்துக்கொள்வதும் கூடாது. அது உண்மையிலிருந்து வெகுவாக விலகியிருக்கலாம். வெப்ப அதிர்வை வைத்து ஒவ்வொன்றையும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். 2017ல் ஐரோப்பிய ஆய்வகங்கள் பல சேர்ந்து இதற்கென்றே ஒரு பொது நடைமுறையை வெளியிட்டன. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த அளவுதிருத்தத்திலிருந்தே வந்தது என்பது அதில் தெரிந்தது.

பலவீனம், வேகம். நாள் முழுக்க உட்கார்ந்தால் சில பத்து செல்கள், நன்றாகப் போனால் நூறு. அதற்குள் மருந்தின் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் செல்லை 24வது மணியில் அளந்தால் கடைசிச் செல்லை 27வது மணியில் அளப்போம். மருந்துத் தட்டையும் மருந்தில்லாத தட்டையும் மாற்றி மாற்றி வைத்து அளந்தால் இந்தச் சாய்வு ஓரளவு சரியாகும்.

மிதக்கும் செல்களுக்கு இது வசதியான கருவி இல்லை, முனை பட்டதும் உருண்டு போய்விடும். செல் அளவுக்கே குழிகள் வெட்டி அதில் உட்கார வைத்து அளந்த ஆய்வு 2006ல் வந்தது. எச்.எல்-60 செல்களுக்கு 855 பாஸ்கல், ஜுர்காட் செல்களுக்கு 48. இரண்டுமே லுகேமியா செல்கள்தான், வித்தியாசம் 18 மடங்கு. அதே ஆய்வில் எச்.எல்-60ன் திட்ட விலக்கம் மட்டும் 670 பாஸ்கல். ஒரே வகைக்குள் செல்லுக்குச் செல் இவ்வளவு பரவல் இருக்கும்போது, இருபது செல்லை அளந்து மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எப்படி? இந்தக் கேள்விதான் பலரை அடுத்த முறைக்குத் துரத்துகிறது.

ஓடவிட்டு அளப்பது

கால்வாயில் செல்களை ஓடவிட்டு, அவை எவ்வளவு உருமாறுகின்றன என்று வேகக் கேமராவில் பிடிக்கும் முறைகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் முன்னுக்கு வந்தவை. 2012ல் வெளியான ஒரு வடிவம், எதிரெதிர் ஓட்டங்கள் மோதும் இடத்தில் செல்லை இழுத்து நொடிக்கு சுமார் 2,000 செல்களைப் பார்த்தது. 2015ல் வந்த நிகழ்நேர முறை, செல்லைவிடச் சற்றே அகலமான கால்வாயில் சுவரைத் தொடாமல் ஓடவிட்டு, ஓட்டத்தின் உராய்வினால் அது தோட்டா வடிவம் எடுப்பதை நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் என்ற கணக்கில் உடனுக்குடன் அளந்தது. இன்னொரு குடும்பம் செல்லைவிடக் குறுகலான வாயில் வழியாக நெருக்கித் தள்ளி, கடக்க ஆகும் நேரத்தைப் பார்க்கிறது.

லுகேமியா, லிம்போமா போன்ற மிதக்கும் செல்களுக்கு இதுதான் இயல்பான தேர்வு. சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான செல்கள் கிடைப்பதால் பரவல் முழுதாகத் தெரியும். பத்தில் ஒரு பங்கு சாகும் செல்கள் தனிக் கூட்டமாக ஒதுங்கி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாயத்தைச் சேர்த்து அளக்கும் வசதியும் சில கருவிகளில் உண்டு. பல மருந்தளவுகளை ஒரே மதியத்தில் ஒப்பிட வேறு முறை கிடையாது.

ஆனால் இந்த மூன்று வடிவங்களும் ஒன்றல்ல என்பதை 2020ல் வந்த ஒப்பீட்டு ஆய்வு அழகாகக் காட்டியது. எச்.எல்-60 செல்களையே மூன்றிலும் அளந்தார்கள். ஊடகத்தின் உப்புச் செறிவை மாற்றிச் செல்லைச் சுருங்கவோ உப்பவோ வைத்தபோது மூன்றுமே மாற்றத்தைப் பிடித்தன. லாட்ரன்குலின்-பி கொடுத்து ஆக்டினைக் குலைத்தபோது, நெருக்கித் தள்ளும் முறையும் உராய்வு முறையும் மருந்தளவு ஏற ஏறச் செல் மென்மையாவதைக் காட்டின. எதிரோட்ட முறையில் அந்த மாற்றம் தெரியவில்லை. அதில் செல் இழுபடும் வேகம் மிக அதிகம். அவ்வளவு வேகத்தில் ஆக்டினைத் தவிர்த்த மற்ற பாகங்களே விடையை நிர்ணயிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இந்த ஒரு முடிவை நான் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறேன், ஏனென்றால் தேர்வு செய்பவருக்கு இதைவிட முக்கியமான தகவல் இல்லை. அந்தக் கருவியை மட்டும் வைத்திருந்த ஒருவர் "இந்த மருந்து செல்லின் இயக்கப் பண்பைப் பாதிக்கவில்லை" என்று எழுதியிருப்பார். நொடிக்கு 2,000 செல் என்ற எண்ணிக்கை அவருடைய தவறான முடிவுக்குக் கூடுதல் நம்பிக்கையைத்தான் கொடுத்திருக்கும்.

இன்னும் இரண்டு சங்கடங்கள். ஒன்று, பருமன். பெரிய செல் கால்வாய்ச் சுவருக்கு நெருக்கமாக ஓடும், அதிக விசை பெறும், அதிகம் உருமாறும். மருந்து செல்லைப் பெருக்க வைத்தால், பிரிதலில் நிறுத்தும் மருந்துகள் அதைச் செய்யும், உருமாற்றம் கூடியதை மென்மையென்று வாசித்துவிடுவோம். பருமனையும் உருமாற்றத்தையும் சேர்த்துப் பார்த்து விறைப்பைக் கணக்கிடும் அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாத முடிவுக்கு மதிப்பு குறைவு. மற்றொன்று, ஒட்டி வளரும் செல்களை இதில் அளக்க டிரிப்சின் என்ற நொதியைப் போட்டுக் கழற்ற வேண்டும். கழன்ற செல்லில் அழுத்த இழைகள் (தட்டைப் பிடித்து நிற்கும் ஆக்டின் கட்டுகள்) கலைந்து, ஆக்டின் புதிதாக அடுக்கப்பட்டுவிடும். அந்த இழைகளைத்தான் மருந்து தாக்குகிறது என்றால் அளப்பதற்கு முன்பே ஆதாரத்தை அழித்துவிட்டோம். மார்பகம், நுரையீரல், கணையம் போன்ற திடக் கட்டிச் செல்களில் ராக், மயோசின் பாதை மருந்துகளைச் சோதிப்பவர்களுக்கு ஓட்ட முறையை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் மிதந்து செல்லும் புற்றுநோய் செல் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் கேள்வி என்றால், அதே கழற்றிய நிலை சரியான நிலையாகிவிடும்.

மைக்ரோபிப்பெட், லேசர், காந்தம்

மைக்ரோபிப்பெட்டால் உறிஞ்சும் முறைக்கு வயது அதிகம். 1954லேயே மிச்சிசனும் ஸ்வானும் கடல் முள்ளெலி முட்டைகளை இப்படி அளந்தார்கள். சில மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாய், அழுத்தத்தை மாற்ற ஏற்றி இறக்கும் ஒரு நீர்த்தொட்டி, ஒரு நல்ல நுண்ணோக்கி, இவ்வளவுதான் தேவை. நீர்மட்டத்தை 1 செ.மீ. இறக்கினால் சுமார் 98 பாஸ்கல் உறிஞ்சல் கிடைக்கும். பணமில்லாத ஆய்வகத்துக்கு இது உண்மையான வழி, மட்டமான மாற்று கிடையாது. செல்லின் ஆக்டின் உறையின் இழுவிசையை நேரடியாக அளப்பதில் இன்றும் இதை மிஞ்சுவது கடினம். குழாய் குறுகலாக இருந்தால் உறையையும், அகலமாக இருந்து நிறைய உறிஞ்சினால் உட்கருவையும் பார்க்கலாம் என்பதால், டிஎன்ஏவைத் தாக்கும் மருந்து உட்கருவின் விறைப்பை மாற்றுகிறதா என்ற கேள்விக்கு நன்றாகப் பொருந்தும். வேகம் மட்டும் மிகக் குறைவு. கை பழகவும் நாள் பிடிக்கும்.

2001ல் குக், கேஸ் குழுவினர் கொண்டுவந்த ஒளி இழுப்பான், எதிரெதிரான இரண்டு லேசர் கதிர்களுக்கு நடுவே மிதக்கும் செல்லைத் தொடாமல் பிடித்து இழுக்கிறது. நேர்த்தியான முறை. ஆனால் இழுக்கத் தேவைப்படும் லேசர் செல்லைச் சூடாக்குகிறது, சூடு பாகுத்தன்மையை மாற்றுகிறது. மருந்து வெப்பத்துக்கான செல்லின் எதிர்வினையையும் மாற்றக்கூடியது என்றால் எதை அளக்கிறோம் என்பது மங்கிப்போகும். மருந்து ஒப்பீட்டுக்கு இது என் பட்டியலில் பின்னால்தான் வரும்.

காந்த மணி முறுக்கல் அப்படியில்லை. செல்லை வெளிப்புறத்தோடு ஒட்டவைக்கும் இன்டெக்ரின் புரதத்தோடு ஒட்டும் மணிகளைச் செல்லின் மேல் தூவி, காந்தப்புலத்தால் முறுக்கி, மணி எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். 2001ல் ஃபேப்ரி குழுவினர் நொடிக்கு 0.01 முதல் 1,000 சுழற்சி வரை இப்படி அளந்து, விறைப்பு அதிர்வெண்ணோடு அடுக்குவிதிப்படி (அதிர்வெண்ணின் ஒரு குறிப்பிட்ட அடுக்காக) மெல்ல ஏறுவதைக் காட்டினார்கள். செல்லைத் திடம், திரவம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையே அந்த ஆய்வு அசைத்தது. மருந்து விறைப்பை மட்டும் மாற்றியதா, செல் திரவம்போல் நெகிழும் தன்மையையும் சேர்த்து மாற்றியதா என்பதை ஒரே எண்ணால் சொல்ல முடியாது. இந்த முறை அந்த அடுக்கெண்ணையும் தருவதால் அதைச் சொல்லும். மணி இன்டெக்ரின் வழியாக ஒட்டுவதால் ஒட்டுதலையே மாற்றும் மருந்துகளில் மட்டும் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும்.

பிரில்லுவான் நுண்ணோக்கியைப் பற்றியும் இப்போது பலர் கேட்கிறார்கள். ஒளியைச் செலுத்தி, சிதறி வரும் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு விலகியது என்று பார்க்கும் முறை இது. தொடவே வேண்டாம், செல் திரளின் உள்ளேயும் பார்க்கலாம், முப்பரிமாணக் கட்டி மாதிரிகளில் மருந்தின் விளைவைத் தொடர இதற்குப் போட்டியே குறைவு. ஆனால் அது அளப்பது கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நடக்கும் அமுக்கத்தை, கிகாபாஸ்கல் அளவில். நீரின் அளவு மாறினாலே அந்த எண் கணிசமாக மாறும். மருந்தால் செல் நீரிழந்தால் "விறைத்தது" என்று காட்டும். ஆகவே தனியாக இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இழுவிசை நுண்ணோக்கியைச் சிலர் இதே வரிசையில் வைப்பார்கள். அது செல் தன் கீழிருக்கும் ஜெல்லை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும், விறைப்பைக் காட்டாது. ராக் தடுப்பான்களுக்கு விறைப்பைவிட நேரடியான விடை இதில்தான் இருக்கிறது.

எந்த முறை எடுத்தாலும் தப்பாதவை

டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த மருந்துக்கு அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் கொடுத்த செல்கள்தான் ஒப்பீட்டுக்கு வேண்டும், ஒன்றும் கொடுக்காதவை போதாது. ஒவ்வொரு அளவீட்டு நாளும் லாட்ரன்குலின் அல்லது சைட்டோகலாசின் டி கொடுத்த ஒரு தட்டு இருக்க வேண்டும். அதில் மென்மை தெரியாவிட்டால் அன்று கருவி எதையும் பார்க்கவில்லை என்று பொருள். அன்றைய "மாற்றமில்லை" என்ற முடிவுகளையும் நம்பக் கூடாது. பதப்படுத்திய செல்களை வசதிக்காக அளப்பதும் வேண்டாம், பதப்படுத்தும் வேதிப்பொருளே புரதங்களைப் பிணைத்து எல்லாவற்றையும் விறைக்க வைத்துவிடும். செல் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு டிஎன்ஏ சாயம் ஒன்று போதும்.

அப்புறம் எண்ணிக்கை. ஓட்ட முறையில் ஐயாயிரம் செல்களை அளந்தால் எந்த அற்ப வித்தியாசமும் புள்ளியியலில் முக்கியமானதாகத் தெரியும். ஆனால் ஒரே தட்டிலிருந்து வந்த ஐயாயிரம் செல்லும் ஒரே ஒரு சோதனைதான். வெவ்வேறு நாட்களில் தனித்தனியாக வளர்த்து, தனித்தனியாக மருந்து கொடுத்த தட்டுகளின் எண்ணிக்கையே உண்மையான எண்ணிக்கை. நாளையும் தட்டையும் தனிக் காரணிகளாக வைக்கும் கலப்பு மாதிரிகள் இதற்காகவே இருக்கின்றன. விறைப்பு மதிப்புகள் பெரும்பாலும் ஒரு பக்கம் வால் நீண்டு பரவுவதால் மடக்கையில் மாற்றிக் கணக்கிடுவது நல்லது.

சரி, எதை எடுப்பது?

லுகேமியா செல், பல மருந்தளவுகள், சாவும் நடக்கிறது என்றால் உராய்வு ஓட்ட முறை, கூடவே உயிர்ச் சாயம். அதில் தெரிந்த மாற்றத்தை மைக்ரோபிப்பெட்டிலோ குழி வெட்டிய தட்டில் அணுவிசை நுண்ணோக்கியிலோ சில பத்து செல்களில் உறுதிப்படுத்தலாம்.

திடக் கட்டியின் ஒட்டி வளரும் செல், சட்டகத்தைத் தொடும் மருந்து என்றால் மணி வைத்த அணுவிசை நுண்ணோக்கி, அதே செல்லை முன்னும் பின்னும். மருந்து செயல்பட மணிக்கணக்கில் ஆகும் என்றால் ஒரே செல்லைத் தொடர்வது கடினம். அப்போது செல்லின் உயரம், சுழற்சிக் கட்டம், உயிர்நிலை மூன்றையும் குறித்துக்கொண்டு தனித்தனித் தட்டுகளை ஒப்பிட வேண்டும், கழன்று மிதந்தவற்றையும் எண்ணி வைக்க வேண்டும்.

பேக்லிடாக்ஸல் போன்ற பிரிதலை நிறுத்தும் மருந்துகளுக்கு நான் நேரத்தை இரண்டாகப் பிரிப்பேன். முதல் ஒரு மணி நேரத்தில் அணுவிசை நுண்ணோக்கி, அது மைக்ரோடியூபுலின் நேரடி விளைவைக் காட்டும். 24 மணி நேரத்தில் மீண்டும் அளக்கும்போது, மருந்தில்லாத தட்டிலும் இயல்பாகவே உருண்டு பிரியும் செல்களைத் தேடி எடுத்து அவற்றோடு ஒப்பிட வேண்டும். பரவி நிற்கும் செல்களோடு இல்லை. இந்த ஒப்பீட்டிலும் வித்தியாசம் நின்றால்தான் அதை மருந்தின் கணக்கில் எழுதலாம்.

முப்பரிமாணத் திரளுக்கு பிரில்லுவான், ஆனால் நீரளவைத் தனியாகச் சரிபார்த்து. உட்கருவைக் குறிவைத்த கேள்விக்கு மைக்ரோபிப்பெட். கையில் ஒரே கருவிதான் இருக்கிறது, மாற்ற வழியில்லை என்பவர்கள் முதல் வாரத்தை லாட்ரன்குலினுக்கும் உப்புச் செறிவு மாற்றத்துக்கும் ஒதுக்குங்கள். இரண்டையும் அந்தக் கருவி பிடித்தால் மருந்துக்குப் போகலாம். உப்புச் செறிவை மட்டும் பிடித்து லாட்ரன்குலினைத் தவறவிட்டால், ஆக்டின் சார்ந்த எந்த மருந்தைப் பற்றியும் அந்தக் கருவியிடம் கேட்காதீர்கள். பருமன், நீரளவு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.